நின்றுபோன தொடரை மீட்க எந்தக் கதவைத் தட்டுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கல்லூரியில் எனக்கு நான்கு வருடம் இளையவளான ஒருத்தி போன் செய்தாள். அழுது ஓய்ந்த குரல். அவளும் அவள் தோழிகளும் சேர்ந்து பார்த்துவந்த ஓர் ஆங்கிலத் தொடரை இரண்டாம் சீசனோடு நிறுத்திவிட்டார்களாம். கதாநாயகி ஒரு கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கும் இடத்தில் கதை நிற்கிறது. உள்ளே இருப்பது யார் என்று இனி யாரும் சொல்லப்போவதில்லை.

"அக்கா, எல்லோருமாகச் சேர்ந்து 22,000 ரூபாய் திரட்டி வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் ரசிகர்கள் நியூயார்க்கில் ஒரு விளம்பரப் பலகை வைக்கப்போகிறார்கள். எங்கள் பணத்தையும் அதில் போட்டுவிடலாமா? இல்லை, வேறு வழி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டாள். இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டேன். அந்த இரண்டு நாளில் நான் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அது நல்ல தொடரா, நிறுத்தியது நியாயமா என்று பேச்சு திசை மாறிவிடும். "வெறும் கதைதானே, இதற்கா அழுவது?" என்று கேட்பவர்களுக்கும் நான் பதில் சொல்லப்போவதில்லை. இரண்டு வருடம் நம் வீட்டுக்குள் வந்துபோன மனிதர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும். அந்த வலியில், கையில் கிடைத்த முதல் வேலையைச் செய்யத் தொடங்கிவிடுகிறோம். மனுவில் கையெழுத்து, ஹேஷ்டேக், வசூல் என்று ஓடுகிறோம். ரசிகர்கள் இப்படி முயன்ற கதை ஏறக்குறைய அறுபது வருடமாக இருக்கிறது. ஜெயித்தவற்றையும் தோற்றவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுப்பிய சத்தத்தைவிட, யாரிடம் கேட்டார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானித்திருக்கிறது என்று தெரிகிறது.

மிகப் பழைய வழி, ஒளிபரப்பும் சேனலுக்கே எழுதுவது. 1967 கடைசியில், 'ஸ்டார் டிரெக்' தொடரை என்பிசி இரண்டாம் சீசனோடு நிறுத்தப்போகிறது என்ற பேச்சு கிளம்பியது. பியோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் என்ற தம்பதி கடித இயக்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். அச்சடித்த ஒரே வாசகத்தை எல்லோரும் அனுப்பக் கூடாது, ஒவ்வொருவரும் சொந்தக் கையால், சொந்தச் சொற்களில் எழுத வேண்டும் என்பதுதான் அவர்கள் வலியுறுத்தியது. கலிஃபோர்னியாவில் கால்டெக் மாணவர்கள் தீப்பந்தம் ஏந்தி என்பிசியின் பர்பேங்க் அலுவலகம்வரை ஊர்வலம் போனார்கள். கடைசியில் 1968 மார்ச் 1-ஆம் தேதி, அன்றைய எபிசோடு முடிந்ததும், தொடர் தொடரும் என்று சேனலே திரையில் அறிவித்தது. ஒரு சேனல் பார்வையாளர்களுக்கு நேராகப் பதில் சொன்ன அபூர்வமான தருணம் அது.

ஆனால் அந்த வெற்றியின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மூன்றாம் சீசனுக்கு வெள்ளிக்கிழமை இரவு 10 மணியைக் கொடுத்தார்கள். தொடரின் உயிர்நாடியே கல்லூரி வயதுப் பிள்ளைகள்; அந்த நேரத்தில் அவர்களில் யார் வீட்டில் இருப்பார்கள்? செலவுக்கான பணத்தையும் குறைத்தார்கள். 1969-இல் தொடர் மொத்தமாக நின்றது. பிடிக்காத மருமகளுக்கு அடுப்படியில் இடம் கொடுத்ததுபோல, மனமில்லாமல் கொடுத்த இடம் அது. அப்படியும் அந்த மூன்றாம் சீசன் வீண் போகவில்லை. மொத்தம் 79 எபிசோடுகள் ஆனதால் உள்ளூர் நிலையங்கள் அதைத் தினமும் மறு ஒளிபரப்பு செய்ய முடிந்தது. ஸ்டார் டிரெக் உலகப் புகழ் பெற்றது அந்த மறு ஒளிபரப்புகளில்தான்.

இதே வழியில் நடந்த இன்னொரு முயற்சி என் மனதுக்கு மிக நெருக்கமானது. கான்சாஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில், நாட்டின் நகரங்கள்மீது அணுகுண்டுகள் விழுந்தபின் மக்கள் எப்படிப் பிழைக்கிறார்கள் என்பதைச் சொன்ன தொடர் 'ஜெரிக்கோ'. 2007 மே மாதம் சிபிஎஸ் அதை முதல் சீசனோடு நிறுத்தியது. கடைசி எபிசோடில், சரணடையச் சொல்லும் பக்கத்து ஊர்க்காரனுக்குக் கதாநாயகன் ஒரே சொல்லில் பதில் சொல்கிறான்: "நட்ஸ்!" இரண்டாம் உலகப் போரில், 1944 டிசம்பரில், பாஸ்டோன் நகரில் ஜெர்மன் படை சூழ்ந்து நின்று சரணடையச் சொன்னபோது அமெரிக்கத் தளபதி மெக்காலிஃப் கொடுத்த பதில் அது. "போடா, முடியாது" என்பதற்குச் சமம். நேர்ப்பொருள் கொட்டை, கடலை.

ரசிகர்கள் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு சிபிஎஸ் அலுவலகங்களுக்கு வேர்க்கடலை அனுப்பினார்கள். பொட்டலம் பொட்டலமாகத் தொடங்கியது மூட்டை மூட்டையாகி, 20 டன்னைத் தாண்டியது. வரவேற்பறையில் கடலைப் பெட்டிகள் நெஞ்சளவுக்கு அடுக்கியிருக்கும் காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். அதே மாதத் தொடக்கத்தில் சூறாவளியில் தரைமட்டமான கிரீன்ஸ்பர்க் என்ற நிஜக் கான்சாஸ் ஊருக்கும் இதே ரசிகர்கள் நிதி திரட்டினார்கள் என்பதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கற்பனை ஊரை நேசித்தவர்கள் நிஜ ஊரை மறக்கவில்லை.

மூன்றே வாரத்தில் சிபிஎஸ் இறங்கி வந்தது. பொழுதுபோக்குப் பிரிவின் தலைவர் நினா டாஸ்லர் ரசிகர்களுக்கு எழுதிய கடிதத்தில், ஏழு எபிசோடு தருகிறோம், இந்த ரசிகர் கூட்டம் இன்னும் பெருக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தயவுசெய்து கடலை அனுப்புவதை நிறுத்துங்கள் என்றும் பின்குறிப்பு போட்டார். கூட்டம் போதிய அளவு பெருகவில்லை. 2008 மார்ச் 25-ஆம் தேதியோடு ஜெரிக்கோ முடிந்தது. ஆனால் தயாரிப்பாளர்கள் இதை எதிர்பார்த்தே இரண்டு விதமான முடிவுகளைப் படமாக்கி வைத்திருந்தார்கள். தொடர் நீடித்தால் ஒன்று, நின்றால் ஒன்று. அதனால் இரண்டாம் முறை நின்றபோது ரசிகர்களுக்கு ஒரு முழுமையான கடைசி எபிசோடு கிடைத்தது. 20 டன் கடலைக்கு ஈடாக ஏழு எபிசோடும் ஒரு முடிவும் கிடைத்தன. என்னைக் கேட்டால், அது நஷ்டக் கணக்கு ஆகாது.

இந்த வழியில் ஓர் அடிப்படைக் குறை இருக்கிறது. விளம்பரத்தில் ஓடும் சேனலுக்கு ரசிகர் வாடிக்கையாளரே இல்லை, விளம்பரதாரர்தான் வாடிக்கையாளர். பார்வையாளர்களை எண்ணும் நீல்சன் நிறுவனம் தேர்ந்தெடுத்த வீடுகளில் வைத்திருந்த கருவிகள் சொன்னதுதான் அந்தக் காலத்தில் அவர்கள் கணக்கு. அந்தப் பட்டியலில் இல்லாத வீட்டில் நீங்கள் ஒரே எபிசோடைப் பத்து முறை பார்த்திருந்தாலும் அது அந்தக் கணக்கில் பதிவாகியிருக்காது. இதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டு காரியம் செய்தவர்கள் 'சக்' தொடரின் ரசிகர்கள். 2009 ஏப்ரல் 27, இரண்டாம் சீசனின் கடைசி எபிசோடு ஒளிபரப்பான நாள். அந்தத் தொடருக்குள்ளேயே தன் பெயர் வரும்படி விளம்பரம் செய்துகொண்டிருந்தது சப்வே என்ற சாண்ட்விச் கடை. அன்று ரசிகர்கள் அந்தக் கடைகளுக்குப் போய் ஆளுக்கொரு சாண்ட்விச் வாங்கி, எந்தத் தொடருக்காக வந்தோம் என்று கருத்துப் பெட்டியில் எழுதிப் போட்டார்கள். கதாநாயகன் சாக்கரி லீவை அந்த நேரத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்தார். நூற்றுக்கணக்கான ரசிகர்களை அங்கிருந்த கடைக்கு அவரே அழைத்துப் போனார். அடுத்த மாதம் மூன்றாம் சீசன் உறுதியானது. சப்வே ஸ்பான்சராக வந்தது. செலவைக் குறைத்துத்தான் எடுத்தார்கள், ஆனாலும் தொடர் ஐந்து சீசன் ஓடி 2012 ஜனவரியில் முறையாக முடிந்தது. கடலை அனுப்பியவர்களின் பணம் கடலை வியாபாரியிடம் போனது. சாண்ட்விச் வாங்கியவர்களின் பணம் சேனலுக்குப் படி அளப்பவரின் கல்லாவில் விழுந்தது. ஓடிடி தளங்கள் வந்தபின் எல்லாத் தொடருக்கும் இந்த வழி கிடையாது. விளம்பரம் போடும் தொடராக இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

அடுத்தது, தொடருக்கு வேறு வீடு தேடிக் கொடுப்பது. ஆறு சீசனோ எட்டு சீசனோ கண்டு பெரிய அளவில் மீண்டுவந்தவை பெரும்பாலும் இந்த வழியில் வந்தவைதான். இதைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு.

2018 மே 11-ஆம் தேதி, 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரைக் கைவிடுவதாக சைஃபை சேனல் அறிவித்தபோது மூன்றாம் சீசன் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. சூரியக் குடும்பம் முழுக்க மனிதர்கள் பரவிவிட்ட காலத்தின் கதை. சிறுகோள் பட்டையில் பிறந்து வளர்ந்து, தண்ணீருக்கும் காற்றுக்கும் கூலிக்கு உழைக்கும் மக்களின் பேச்சும் கையசைவும்கூடத் தனி. அந்த மக்களை நான் என் சொந்த ஊர்க்காரர்களைப்போல நேசித்தேன். அறிவிப்பு வந்த பத்தாம் நாள் நான்கு பக்கம் கையால் எழுதி, பாளையங்கோட்டைத் தபால் நிலையத்தில் வரிசையில் நின்று, சாண்டா மோனிகாவில் இருந்த அமேசான் ஸ்டூடியோவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உறையை எடை போட்ட அம்மா முகவரியைப் பார்த்துவிட்டு, "வேலைக்கு விண்ணப்பமா?" என்று கேட்டார். நிறுத்திய ஒரு கதையைத் திருப்பிக் கேட்கப்போகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. தபால்தலைகளை ஒவ்வொன்றாக ஓரம் பார்த்து ஒட்டி, முத்திரையை அழுத்திக் குத்தினார்.

அந்தக் கடிதம் போய்ச் சேரும் முன்பே காரியம் முடிந்துவிட்டது. ரசிகர்கள் பணம் போட்டு அமர்த்திய சிறு விமானம் ஒன்று, தொடரைக் காப்பாற்றச் சொல்லும் பேனரை வாலில் கட்டிக்கொண்டு அந்த ஸ்டூடியோவின் மேலே வட்டமடித்தது. கதையில் வரும் ரோசினான்டே கப்பலின் பொம்மையை பலூனில் கட்டி வானத்தின் விளிம்புவரை அனுப்பினார்கள். மனுவில் கையெழுத்து லட்சத்தைத் தாண்டியது. மே 25-ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த விண்வெளி மாநாட்டு மேடையில், தொடரின் நடிகர்கள் அரங்கில் இருக்க, அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸே எழுந்து அதை அமேசான் எடுத்துக்கொண்டதாக அறிவித்தார். பதினான்கே நாளில் எல்லாம் நடந்து முடிந்தது.

விமானமும் பலூனும் செய்தியில் வந்தன. எல்லோர் மனதிலும் அவைதான் நின்றன. நான் பிறகு உட்கார்ந்து படித்துப் புரிந்துகொண்டது வேறு. எக்ஸ்பான்ஸ் சைஃபையின் சொத்தே இல்லை. ஆல்கான் என்ற தனித் தயாரிப்பு நிறுவனத்தின் சொத்து. அமெரிக்காவில் டிவியில் முதலில் ஒளிபரப்பும் உரிமை மட்டும்தான் சைஃபையிடம் இருந்தது. அமெரிக்காவில் ஓடிடியில் பார்த்தவர்கள் அமேசானில் பார்த்தார்கள்; இந்தியாவில் நான் நெட்ஃபிளிக்ஸில் பார்த்தேன். எங்களில் யாரும் சைஃபைக்கு ஒரு காசு வருமானம் தரவில்லை. அந்தச் சேனல் கைவிட்டதற்கும் அதுவே காரணம், தொடர் வேறு வீட்டுக்குப் போக முடிந்ததற்கும் அதுவே காரணம். விற்க ஒருவர் தயாராக இருந்தார். வாங்குகிறவருக்கு அந்தப் பொருளை ஏற்கெனவே தெரிந்திருந்தது. தொடருக்கு மூலமான நாவல்களின் வாசகர் பெசோஸ் என்பதும் ஊரறிந்தது. ரசிகர்கள் வாடகை விமானத்தை சைஃபையின் கூரைக்கு மேலே பறக்கவிட்டிருந்தால் அந்த எரிபொருள் வீண்தான்.

இதை மற்றத் தொடர்களோடு ஒத்துப் பாருங்கள். அதற்கு முந்திய நாள், 2018 மே 10-ஆம் தேதி ஃபாக்ஸ் கைவிட்ட 'புரூக்ளின் நைன்-நைன்' தொடரை மறுநாளே என்பிசி எடுத்துக்கொண்டது. அதைத் தயாரித்ததே என்பிசியின் சகோதர நிறுவனம்தான். தாய்வீட்டுக்குத் திரும்பியதுபோல ஆயிற்று. அதே வாரம் ஃபாக்ஸ் நிறுத்திய 'லூசிஃபர்' ஒரு மாதம் கழித்து நெட்ஃபிளிக்ஸுக்குப் போய் 2021 வரை ஓடியது.

நேர்மாறான நிலைமைக்கு 'ஒன் டே அட் எ டைம்' உதாரணம். 2019 மார்ச்சில் நெட்ஃபிளிக்ஸ் அதை நிறுத்தியபோது, தயாரித்த சோனி வேறு இடம் தேடியது. ஆனால் நெட்ஃபிளிக்ஸோடு போட்டிருந்த ஒப்பந்தம், இன்னொரு ஓடிடி தளத்துக்குப் போகவிடாமல் தடுத்தது. கடைசியில் பாப் டிவி என்ற சிறிய கேபிள் சேனலுக்குப் போனது. 2020-இல் ஒரு சீசன், அதுவும் கொரோனாவால் குறுகி, அந்த ஆண்டே நின்றுவிட்டது. ரசிகர்களின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. யாரும் படித்துப் பார்க்காத ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு குறுக்கே நின்றது.

ஆகவே, அழுது முடித்த கையோடு செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான். கடைசி எபிசோடை மறுபடி ஓடவிடுங்கள். பெயர்கள் ஓடத் தொடங்கியதும் ஓடிடி அடுத்த படத்துக்குத் தாவும், தாவவிடாதீர்கள். கடைசியில் சில நொடி மட்டும் நிற்கும் அட்டையில் காப்புரிமை யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். ஒளிபரப்பிய தளத்தின் பெயர் அல்லாமல் வேறு பெயர் இருந்தால் வேறு வீடு தேடலாம். தளத்தின் பெயரே இருந்தால், அது தன் சொத்தைப் போட்டிக் கடைக்குத் தூக்கிக் கொடுக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

வேறு வீடு தேடும் வழியில் இன்னும் ஒரு கதை சொல்லியே ஆக வேண்டும். 'மேனிஃபெஸ்ட்' தொடரை என்பிசி 2021 ஜூன் 14-ஆம் தேதி நிறுத்தியது. அதற்கு நான்கு நாள் முன்புதான் அதன் பழைய சீசன்கள் அமெரிக்க நெட்ஃபிளிக்ஸில் ஏறியிருந்தன. ஏறியதும் பட்டியலில் முதலிடம். வாரக்கணக்கில் அங்கிருந்து இறங்கவே இல்லை. ரசிகர்கள் ஹேஷ்டேக் போட்டார்கள்தான். ஆனால் உட்கார்ந்து பார்த்த ஒவ்வொரு இரவும் நேராக நெட்ஃபிளிக்ஸின் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. கதையில் வரும் விமானத்தின் எண் 828. அந்த எண்ணுக்குப் பொருத்தமாக ஆகஸ்ட் 28-ஆம் தேதி (அமெரிக்கர்கள் எழுதும் முறையில் 8/28), 20 எபிசோடுகள் கொண்ட கடைசி சீசனை நெட்ஃபிளிக்ஸ் அறிவித்தது. 2023 ஜூன் 2-இல் கதை முடிந்தது. ஓடிடி காலத்தில், பார்ப்பதே மிக அழுத்தமான கடிதம் என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டவில்லை. 2019-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் நெட்ஃபிளிக்ஸே தன் கணக்கை விளக்கியது. தொடங்கியவர்கள், பார்த்தவர்கள், முடித்தவர்கள் என்று மூன்று எண்ணிக்கை. ஒரு சீசனில் 90 சதவீதம் பார்த்தவர்தான் முடித்தவர். வெளியான முதல் 7 நாளுக்கும் முதல் 28 நாளுக்கும் இந்த எண்களை எடுப்பதாக அதில் சொன்னார்கள். நிதானமாகத் தீபாவளி விடுமுறையில் பார்க்கலாம் என்று வைத்திருக்கும் தீவிர ரசிகர், அந்த 28 நாள் கணக்கில் ஆளே இல்லை.

நாமே பணம் போட்டு எடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் மனதில் இருப்பது 'வெரோனிகா மார்ஸ்'. 2007-இல் நின்ற அந்தத் தொடரைத் திரைப்படமாக எடுக்க, 2013 மார்ச் 13-ஆம் தேதி அதை உருவாக்கிய ராப் தாமஸும் நாயகி கிறிஸ்டன் பெல்லும் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதி இணையதளத்தில் 20 லட்சம் டாலர் கேட்டார்கள். பதினொரு மணி நேரத்துக்குள் அந்தத் தொகை வந்துவிட்டது. முடிவில் 91,585 பேர் சேர்ந்து கொடுத்தது சுமார் 57 லட்சம் டாலர். 10 டாலர் கொடுத்தவருக்குத் திரைக்கதை, 10,000 டாலர் கொடுத்த ஒருவருக்குப் படத்தில் பேசும் வேடம். சரியாக ஒரு வருடத்தில், 2014 மார்ச் 14-இல், படம் வெளிவந்தது. நம்பிக் கொடுத்த பணத்துக்கு வாக்களித்த பொருள் கைக்கு வந்தது. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் இது நடந்த விதத்தைப் பாருங்கள். உரிமை வார்னர் பிரதர்ஸிடம் இருந்தது. ரசிகர்கள் இவ்வளவு பணம் காட்டினால் படத்தை வெளியிடுகிறோம் என்று அவர்கள் முன்கூட்டியே ஒத்துக்கொண்ட பிறகுதான் வசூல் தொடங்கியது. கேட்டவர்கள் தொடரை உருவாக்கியவரும் நடித்தவரும். ரசிகர்கள் தாங்களாகத் தொடங்கும் வசூலுக்கு இந்த இரண்டுமே இருக்காது. தொகையும் ஒரு படத்துக்குத்தான் கட்டும். ஒரு சீசனுக்குக் கட்டாது. 'மிஸ்டரி சயின்ஸ் தியேட்டர் 3000' 2015-இல் கூட்டு நிதி திரட்டி ஒரு சீசனே எடுத்ததே என்று கேட்கலாம். அது பழைய படங்களைப் போட்டுவிட்டு, மூன்று பேர் திரைக்கு முன் உட்கார்ந்து கிண்டலடிக்கும் நிகழ்ச்சி, செலவு குறைவு. விண்கலமும் படைவீரர்களும் வரும் கதைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல், படம் எடுக்கப்போகிறோம் என்று ரசிகர்களிடம் பணம் திரட்டுவதை நான் வெளிப்படையாகவே எதிர்க்கிறேன். கதை நின்ற வருத்தத்தோடு பணம் போன வருத்தமும் சேரும்.

எனக்கு மிகப் பிடித்த வழி, பலரும் தோல்வி என்று நினைக்கும் வழி: முடிவை மட்டும் கேட்பது.

'சென்ஸ் எயிட்' உலகின் எட்டு நகரங்களில் வாழும் எட்டுப் பேரின் கதை. மனதால் ஒருவரோடு ஒருவர் இணைந்தவர்கள். அதில் ஒருத்தி மும்பைப் பெண். அத்தனை ஊர்களுக்கும் போய்ப் படமெடுத்ததில் செலவு மலைபோல ஏறியது. 2017 ஜூன் 1-ஆம் தேதி, எட்டுப் பேரில் ஒருவன் எதிரிகளின் கையில் சிக்கியிருக்கும்போது, நெட்ஃபிளிக்ஸ் நிறுத்திவிட்டது. நெட்ஃபிளிக்ஸுக்காகவே எடுத்த தொடர் என்பதால் வேறு வீடு கிடைப்பதும் எளிதல்ல. மனு, போன், கடிதம் எல்லாம் குவிந்தபோதும் முதலில் முடியாது என்றுதான் பதில் வந்தது. மூன்றாம் சீசன் என்பது அவர்கள் கணக்கில் கட்டுப்படியாகாத ஒன்று. அந்த மாதக் கடைசியில், ஒரு சிறப்பு எபிசோடு மட்டும் வரும் என்று இயக்குநர் லானா வச்சோவ்ஸ்கி ரசிகர்களுக்குக் கடிதம் எழுதினார். 2018 ஜூன் 8-ஆம் தேதி இரண்டரை மணி நேர முடிவு வந்தது. அதே வருட டிசம்பரில் என்பிசியின் 'டைம்லெஸ்' தொடருக்கும் இரண்டு மணி நேர முடிவு கிடைத்தது. அந்தத் தொடரை 2017-இல் நிறுத்தி, மூன்றே நாளில் மனம் மாறித் திருப்பிக் கொடுத்து, 2018-இல் மறுபடி நிறுத்தியிருந்தார்கள். அந்த ரசிகர்கள் இரண்டாம் முறை கேட்டபோது இன்னொரு சீசனோ, ஒரு முடிவோ என்று கேட்டார்கள். முடிவு வந்தது.

இன்னும் ஐந்து சீசன் என்று கேட்டால் சேனல்காரர் பார்ப்பது ஐந்து வருடச் செலவை. இரண்டு மணி நேரம் என்று கேட்டால், முழுமையடைந்த ஒரு தொடர் தன் சேமிப்பில் பல வருடம் இருக்கும் என்ற ஆதாயமும் அவர் கண்ணுக்குத் தெரியும். அரைகுறையாக நிற்கிறது என்று தெரிந்த கதையைப் புதிதாக யாரும் தொடங்கமாட்டார்கள். எனக்கும் அந்தப் பழக்கம் உண்டு. முடிந்ததா என்று விசாரித்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் முதல் எபிசோடைத் தொடுகிறேன்.

சும்மா காத்திருந்ததால் திரும்பியவையும் உண்டு. 'ஃபேமிலி கை' 2002-இல் நின்று, டிவிடி விற்பனையாலும் இரவு நேர மறு ஒளிபரப்பாலும் 2005-இல் திரும்பியது. 1989-இல் நின்ற பிரிட்டிஷ் 'டாக்டர் ஹூ' முறையான தொடராகத் திரும்ப 2005 ஆயிற்று. இதைத் திட்டம் என்று யாருக்கும் சொல்ல முடியாது. டிவிடி கிடைத்தால் வாங்கி வையுங்கள், அவ்வளவுதான்.

விளம்பரப் பலகைக்கு வருகிறேன். அதனால் பயனே இல்லை என்று சொல்லமாட்டேன். 'வைனோனா அர்ப்' தொடருக்காக 2019-இல் ரசிகர்கள் டைம்ஸ் சதுக்கத்தில் பலகைகள் வைத்தார்கள். நான்காம் சீசனும் வந்தது. ஆனால் அங்கே சேனல் ஏற்கெனவே சம்மதித்திருந்தது. தயாரிப்பு நிறுவனத்துக்குப் பண முடை; புதிய பங்காளிகள் தேவைப்பட்டார்கள். இந்தத் தொடரில் பணம் போடலாம், பார்க்க ஆள் இருக்கிறது என்று வெளியாருக்குக் காட்ட வேண்டிய நிலைமைக்குப் பலகை பொருத்தமான கருவி. வேண்டாம் என்று கணக்குப் பார்த்து முடிவெடுத்துவிட்ட உரிமையாளரிடம் அது வேலை செய்யாது.

இரண்டு நாள் கழித்து அவளை அழைத்தேன். முதலில் கடைசி அட்டையைப் பார்க்கச் சொன்னேன். போனைக் காதில் வைத்தபடியே ஓடவிட்டாள். தளத்தின் பெயரே இருந்தது. அப்படியானால் வேறு வீடு இல்லை. விமானம், பலகை எதுவும் வேண்டாம் என்றேன். மூன்றாம் சீசன் கேட்காதீர்கள், ஒரே ஒரு நீண்ட எபிசோடு கேளுங்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "மூன்று சீசனுக்குக் கதை இருக்கிறதே அக்கா" என்றாள். இருக்கிறது என்று எனக்கும் தெரியும். எக்ஸ்பான்ஸுக்கும் ஒன்பது நாவல் இருந்தது. ஆறு நாவல் அளவோடு 2022-இல் முடிந்தது. பெசோஸே ரசிகராக இருந்தும் அவ்வளவுதான்.

22,000 ரூபாய்க்கு நான் சொன்ன வழி இது. செல்போனில் மட்டும் பார்க்கும் சந்தா மாதம் சுமார் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. தொடரை இதுவரை பார்க்காத, ஆனால் பிடிக்கும் என்று உறுதியாகத் தோன்றுகிற கல்லூரிப் பிள்ளைகள் நூறு பேருக்கு ஒரு மாதச் சந்தா கட்டுங்கள். ஒவ்வொரு ஐந்து பேருக்கும் உங்களில் ஒருத்தி துணை இருந்து, இரண்டு சீசனையும் முடிக்கும்வரை கூடவே பேசிக்கொண்டிருக்க வேண்டும். பாதியில் விட்டால் கணக்கில் வராது. நூறு பேர் என்பது கடலில் கரைத்த பெருங்காயம்தான். அதனால் இதே காரியத்தை மற்ற நாட்டு ரசிகர் குழுக்களும் அதே மாதத்தில் செய்யும்படி இப்போதே எழுதிக் கேளுங்கள். முதல் 28 நாள் கடந்துபோயிருக்கும், ஆனாலும் முடிவெடுத்துவிட்ட தொடர் ஒன்று திடீரென்று பல ஊர்களில் முடிக்கப்படுகிறது என்பது அவர்கள் திரையில் தெரியாமல் போகாது. மீதமுள்ள பணத்தைத் தபாலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு ஒன்று, தொடரை உருவாக்கியவருக்கு ஒன்று. கையால் எழுதியது, ஆளுக்கொரு விதமாக. சீக்கிரம் செய்ய வேண்டும். ஒப்பந்தக் காலம் முடிந்து நடிகர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டால், அரங்கைப் பிரித்துவிட்டால், மனம் இருந்தாலும் அவர்களால் முடியாது.

நேற்று இரவு அவள் தன் கடிதத்தின் முதல் வரைவை எனக்கு அனுப்பினாள். மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தின் நடுவில் இருந்த ஒரு வரியை வெட்டி முதல் வரியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன்: "எங்களுக்கு அந்தக் கதவை மட்டும் திறந்து காட்டுங்கள்."